கடைசி மஞ்சக் கடுதாசி

அத்தியாயம் 9

மஞ்சக் கடுதாசி வந்த வீட்டுக்குத் துக்கம் கேட்க யாரும் வருவதில்லை. சாவு விழுந்த வீடென்றால் அக்கம்பக்கத்தார் காபியாவது போட்டு எடுத்து வருவார்கள். கொடுத்த கடன் மூழ்கிப்போன வீட்டுக்கு வருகிறவர்கள், 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்வதற்காகத்தான் வருவார்கள்.

அன்று விடிந்ததும் ஜைத்தூன் பீவியின் வீட்டுக்கு வந்த கயல்விழி அப்படி எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. கோபப்பட நன்றாகத் தெரியும். அவள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் அவள்தான். சட்டம் படித்து, கறுப்புக் கோட்டும் தைத்து வைத்துவிட்டாள். ஒரு வக்காலத்து வரவில்லை. பெரிய வக்கீல்களின் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்க மனசு ஒப்பாமல், ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்து, மாப்பிள்ளை விசாரிப்பது, ஓடிப்போனவனைத் தேடுவது என்று துப்பறியும் வேலை பார்த்து வந்தாள். உதவிக்கு ரயீஸ். ஆட்டோ சொந்தம், வாயும் சொந்தம். ஜைத்தூன் அவனுக்கு மாமி.

"யாரு கிட்ட மாமி குடுத்தீங்க?"

"கோவிந்தராசு மொதலாளி கிட்டதான். அம்சவல்லி செராமிக்ஸு. எங்க வூட்டுக்காரரு மவுத்தாப் போனப்புறம் ஷார்ஜா கம்பெனி அனுப்புன பணம். வட்டி வேணாம், புள்ள படிப்புக்குக் கேக்கும்போது குடுங்கன்னு சொல்லித்தான் குடுத்தேன். புரோநோட்டு எழுதிக் குடுத்தாரு."

உள்கதவை ஒட்டி நின்ற மகள் அர்ஃபா தலையைக் குனிந்துகொண்டாள். பி.ஃபார்ம் மூன்றாம் வருஷம். இந்த வாரத்துக்குள் ஃபீஸ் கட்டாவிட்டால் பரீட்சை எழுத விட மாட்டார்கள். அவள் பையை மூட்டை கட்டிக்கொண்டு ஹாஸ்டலில் இருந்து வந்து நான்கு நாளாகிறது.

"அப்புறம் மஞ்சக் கடுதாசி வந்துச்சு. மொதலாளி ஐ.பி. குடுத்துட்டாராம். திவாலு. அதுக்கப்புறம் இந்தப் புள்ள வந்தான், பிரவீன்குமாருன்னு, சேத்தியாத்தோப்புல ஃபைனான்ஸு பண்றானாம். கேசு முடியப் பல வருஷம் ஆவும், பத்துல ஒரு பங்கு தரேன், நோட்ட எனக்கு மேடோவர் பண்ணிக் குடுத்துடுங்கங்குறான்."

மேடோவர் என்றால், புரோநோட்டின் பின்னால் கையெழுத்துப் போட்டு, இனி அந்தக் கடன் உனக்குத்தான் வரவேண்டியது என்று இன்னொருவருக்கு மாற்றிவிடுவது.

"எல்லாரும் குடுத்துட்டாங்க. நான்தான் பாக்கி. இன்னிக்கி சாயந்தரம் வரேன்னு சொல்லியிருக்கான்."

"நல்ல புள்ளம்மா அது," என்றாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்த திரௌபதி. பக்கத்து வீடு. கோவிந்தராசு கம்பெனியில் வைக்கோல் சுற்றி ஜாடி அடுக்குகிற வேலை பார்த்தவள். சீட்டு எடுத்த பணத்தை முதலாளியிடமே போட்டு வைத்திருந்தாள். "செருப்ப வெளியவே கழட்டிட்டுத்தான் வூட்டுக்குள்ள வந்துச்சு. நேத்துதான் நான் குடுத்தேன். போனது போவட்டும், மருந்து மாத்திரைக்காவது ஆச்சு."

கயல்விழி மஞ்சக் கடுதாசியை வாங்கிப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"இத யாராவது படிச்சீங்களா?"

"மஞ்சக் கடுதாசிய எவன்க்கா படிப்பான்?" என்றான் ரயீஸ். "பாம்பப் பாத்தா ஓடுவாங்களா, என்ன ஜாதி பாம்புன்னு உக்காந்து பாப்பாங்களா?"

"இதுல கேசு நம்பர் இல்ல. கோர்ட்டு முத்திரை இல்ல. அன்பரசன்னு ஒரு வக்கீல் கையெழுத்து மட்டும் இருக்குது."

"இன்னொண்ணும்மா," என்றாள் ஜைத்தூன். "நோட்டோட சேத்து இந்தக் கடுதாசியையும் திருப்பிக் குடுத்துடணுமாம்."

"ஆமா, என்கிட்டயும் வாங்கிக்கிச்சு," என்றாள் திரௌபதி. "எதுக்குன்னு கேட்டதுக்கு, இது வூட்டுல இருந்தா தரித்திரம், நான் எரிச்சிடறேன்னு சொல்லுச்சு."

"அடுத்தவங்க தரித்திரத்த வூடு வூடா வந்து வாங்கிட்டுப் போறாரு," என்றான் ரயீஸ். "இவரு ஃபைனான்ஸா, முனிசிபாலிட்டியா?"

கயல்விழிக்குச் சிரிப்பு வரவில்லை. மதிப்பில்லாத காகிதத்தை எவனும் வீடு தேடி வந்து வாங்க மாட்டான்.

"நான் வர்ற வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க."

* * *

மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. அம்சவல்லி செராமிக்ஸின் முன்கேட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு தொங்கியது. பூட்டுக்கும் கம்பிக்கும் நடுவே சிலந்தி வலை கட்டியிருந்தது. புகைபோக்கியில் புகை இல்லை.

"அய்யோ பாவம்," என்றான் ரயீஸ். "சிலந்தியே குடித்தனம் வந்துடுச்சு. நெசமாவே திவாலுதான் போலக்கா."

"பின்பக்கம் போ."

பின்பக்கம் கருவேலங்காடு. சுற்றுச்சுவரே அங்கே சூளைக் கட்டடத்தின் சுவரும்கூட. உடைந்த அகல்விளக்கும் காது போன ஊறுகாய் ஜாடியும் குவிந்து கிடந்த மேட்டில் ஆட்டோ குலுங்கி நின்றது. கயல்விழி இறங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாக்கா பாக்குறீங்க? நாயிங்கதான்."

"அதத்தான் பாக்கறேன். இந்தக் குளிருக்கு ஊர்ல இருக்குற நாயெல்லாம் எங்க படுக்கும்?"

"டீக்கடை அடுப்பு ஓரமா."

"இங்க ஏன் படுத்திருக்குது?"

சுவரை ஒட்டி ஏழெட்டு நாய்கள், பந்தியில் உட்கார்ந்தது போல வரிசையாக, முதுகைச் சுவரில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு பூனையும் கிடந்தது. சண்டை போடக்கூட யாருக்கும் மனசில்லாத அளவுக்குச் சுகம். ரயீஸ் இறங்கிப் போய்ச் சுவரில் கை வைத்தான். உடனே எடுத்தான்.

"இட்லிக் குண்டான் மாதிரி இருக்குதுக்கா."

"சூளை உள்ள எரியுது. இப்பல்லாம் கேஸ். பொகை வராது."

"மனுசங்க அத்தன பேரும் முன்வாசப் பூட்டப் பாத்துட்டு அழுதுட்டுப் போயிட்டாங்க. நாய்க்கு மட்டும் எவனும் கடுதாசி குடுக்கல போலருக்கு."

சுவரில் ஒரு சிறு கதவு. அதன் பக்கத்தில் ஒரு பைக். பெட்ரோல் டேங்கின் மேல் குழந்தையை உட்கார வைக்கும் சின்ன இருக்கை. யாரோ ஆசையாக அதில் ரோஸ் நிற ரிப்பன் சுற்றியிருந்தார்கள். கயல்விழி அதைப் பார்த்துவிட்டு, "கோர்ட்டுக்கு வுடு," என்றாள்.

* * *

கோர்ட்டில் தேடியதில் கோவிந்தராசு பேரில் திவால் மனுவே இல்லை. இந்த வருஷமும் இல்லை, போன வருஷமும் இல்லை.

"அப்ப கடுதாசி டூப்ளிகேட்டு. வக்கீலே டூப்ளிகேட்டு," என்றான் ரயீஸ். "புடிச்சு போலீஸ்ல குடுத்துடலாம்."

வக்கீல் டூப்ளிகேட் இல்லை. நிஜமாகவே இருந்தார், ஏசி போட்ட அறையில், பழமலைநாதர் படத்துக்குக் கீழே. வந்தவளை உட்காரச் சொல்லவில்லை.

"நீ அந்த மண்ணு மிதிக்கிற ஜெயராஜ் பொண்ணுதானே? இன்னும் ப்ராக்டிஸ் பண்றியா? ஒரு வக்காலத்தாவது போட்டிருக்கியா?"

"கோவிந்தராசு ஐ.பி. போட்டதா ஊரெல்லாம் நோட்டீஸ் அனுப்பியிருக்கீங்க. கோர்ட்டுல அப்படி ஒரு மனுவே இல்லைங்க."

"போட்டாருன்னு நான் எங்க எழுதியிருக்கேன்? படிச்சுப் பாரு. 'என் கட்சிக்காரர் தம் கடன்களைச் செலுத்துவதை நிறுத்தி வைத்துள்ளார். திவால் மனு தாக்கல் செய்ய உத்தேசித்துள்ளார்.' உத்தேசம்மா. உத்தேசிக்கிறது குத்தமா?"

"மஞ்சத்தாள்ல ஏங்க அடிச்சீங்க? கோர்ட்டு நோட்டீஸே இப்ப வெள்ளையிலதான் வருது."

"கல்யாணப் பத்திரிகைகூடத்தான் மஞ்சள் பூசி வருது. பாத்துட்டு எவனாவது நெஞ்சப் புடிச்சுக்கிட்டா நான் பொறுப்பா? ஊர்ல பாதிப் பேரு எழுத்தப் படிக்கிறதில்ல, கலரைத்தான் படிக்கிறான். அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"அப்ப உங்கள எதுக்கு வக்கீலா வெச்சாரு? கேசுதான் போடலியே."

அன்பரசன் சிரித்தார். பாடம் நடத்துகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"கேசு போடறதுக்குத்தான் வக்கீல் வெப்பாங்கன்னு காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா? கோர்ட்டுக்குப் போனா சொத்து என்னா, சரக்கு என்னான்னு கணக்கு கேப்பான். அதனால, போவாமலே போன மாதிரி ஆவணும். அதுக்கும் வக்கீல் வேணும்மா. அதுக்குத்தான் ஃபீஸ் அதிகம்."

தாள் சட்டப்படி சுத்தம். அதில் ஒரு பொய் இல்லை. பொய் முழுக்க அந்த நிறத்தில் இருந்தது, நிறத்தின்மேல் எந்த ஸ்டேஷனிலும் எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள். கயல்விழி படியிறங்கும்போது, "அப்பாவ கேட்டதா சொல்லு," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கைப்பிடிச் சுவரில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆட்டோ ஜங்ஷன் மேம்பாலம் ஏறும்போது திடீரென்று நிமிர்ந்தாள்.

"ரயீசு, எல்லாம் சட்டப்படி சுத்தம்னா, அந்தக் கடுதாசிய ஏன்டா திருப்பி வாங்குறாங்க?"

"தரித்திரம்னு சொன்னாங்களே."

"தரித்திரம்தான். யாருக்குங்கறதுதான் விஷயம். என் ரூமுக்கு வுடு. ஒரு புத்தகம் பாக்கணும்."

* * *

பிரவீன்குமார் சொன்னபடி சாயந்தரம் வந்தான். செருப்பை வெளியே கழற்றினான். "சலாம்மா" என்று கும்பிட்டான். ஜைத்தூன் போட்டுக் கொடுத்த டீயை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். ஓரத்தில் உட்கார்ந்திருந்த கயல்விழியைச் சொந்தக்காரப் பெண் என்று நினைத்துக்கொண்டான் போலும். வாசலில் நிறுத்தியிருந்த அவன் பைக்கைப் பார்த்துவிட்டு ரயீஸ் உள்ளே வந்தான். திரௌபதியும் கூடவே வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வண்டியில அந்தக் குட்டி சீட்டு சூப்பரா இருக்குது சார்," என்றான் ரயீஸ். "பொம்பளப் புள்ளையா? ரிப்பன்லாம் கட்டியிருக்குது."

"ஆமாங்க, ரெண்டு வயசு."

"குளுருல தூக்கிட்டு வரலியா?"

"இல்லைங்க, தாத்தா வூட்டுல வுட்டுட்டு வந்தேன்."

"சூளை இருக்குற தாத்தாவா? அப்ப குளுராது."

டீ டம்ளர் பாதி வழியில் நின்றது. திரௌபதிக்குத்தான் முதலில் புரிந்தது.

"மொதலாளி மருமவனா நீ?" குரல் எழும்பவேயில்லை. "கல்யாணத்த சேத்தியாத்தோப்புல வெச்சாங்க. வேல செய்யுற எங்களுக்கெல்லாம் பத்திரிகை இல்ல. இருந்திருந்தா மூஞ்சி தெரிஞ்சிருக்கும்."

பிரவீன்குமார் டம்ளரைக் கீழே வைத்தான். முகத்திலிருந்த பணிவு, துணியைக் கொடியிலிருந்து உருவியதுபோலப் போய்விட்டது.

"மருமவன் நோட்டு வாங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குதா?"

"இல்லைங்க," என்றாள் கயல்விழி. "நான் வக்கீல். எனக்கும் சட்டம் தெரியும். உங்க மாமனாரு பண்ணுனதுல ஒரே ஒரு தப்புதான். கடன் குடுத்தவங்களுக்கு, 'இனி தர்றத நிறுத்திட்டேன்'னு எழுதிக் குடுத்துட்டாரு. அப்படி எழுதிக் குடுத்தாலே அது திவாலுக்கான செயல்னு திவால் சட்டத்துல இருக்குது. அத வெச்சு, கடன் குடுத்தவங்களே கோர்ட்டுக்குப் போயி, இவர திவாலா அறிவிங்கன்னு மனு போடலாம். மூணு மாசம் டைம் இருக்குது. அன்பரசன் சாருக்கு அது தெரியும். அதனாலதான் நோட்ட வாங்கும்போதே கடுதாசியையும் வாங்கிடச் சொன்னாரு."

பிரவீன்குமாரின் கை சட்டைப்பையிலிருந்த ஃபோனைத் தொட்டது.

"உங்க மாமனாரு திவாலான மாதிரி காட்டிக்கிட்டாரு. நாங்க நெசமாவே ஆக்கிவுடறோம். கோர்ட்டு, சொத்தப் பொறுப்பெடுக்க ஒரு ரிசீவரப் போடும். அவரு வந்து சாவி கேப்பாரு. முன்கேட்டு சாவி இல்ல, பின்னாடி சின்னக் கதவு சாவி. உள்ள வேகுற சரக்கு வரைக்கும் கணக்குல வரும். இந்த ஊர்ல பாக்கியிருக்குற கடைசி மஞ்சக் கடுதாசி மாமி கிட்டதான் இருக்குது."

அவன் ஃபோனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனான். ரயீஸ் கயல்விழியைப் பார்த்துக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். அர்ஃபா முதல் தடவையாக அறையை விட்டு வெளியே வந்தாள். கயல்விழிக்குத் தன் கறுப்புக் கோட்டு ஞாபகம் வந்தது. மூன்று வருஷமாக மடித்தே கிடந்த கோட்டு. முதல் வக்காலத்து. எதிரில் அன்பரசன்.

பிரவீன்குமார் திரும்பி வந்தான்.

"மாமா முழுப் பணமும் தரேன்னு சொல்லிட்டாரு. பத்துல ஒண்ணு இல்ல, மொத்தமும். இப்பவே இவங்க அக்கவுண்டுல போட்டுடறேன். நோட்டும் கடுதாசியும் குடுத்துடணும். அதோட முடிஞ்சிடணும்."

தெருவில் எவனோ கோலப்பொடி விற்றுக்கொண்டு போனான்.

"திரௌபதி அம்மாவுக்கும் தரணும்," என்றாள் கயல்விழி. "வித்த எல்லாருக்கும் தரணும்."

"அவங்க வித்துட்டாங்க மேடம். முழுச் சம்மதத்தோட கையெழுத்துப் போட்டிருக்காங்க. மாமா இப்ப அவங்களுக்குக் கடன்காரர் இல்ல. எனக்குத்தான் கடன்காரரு." லேசாகச் சிரித்தான். "என் மாமனார் மேல எனக்கு நம்பிக்கை இருக்குது. நான் கேசு போட மாட்டேன்."

"நாங்க போடுவோம்."

"போடுங்க. மாமா எட்டு வருஷம் இழுப்பாரு. அன்பரசன் சாருக்கு அதுவும் வேலதான். இந்தப் பாப்பாவுக்கு ஃபீஸ் கடைசி நாள் என்னிக்குன்னு சொன்னீங்க?"

ஜைத்தூன் பீவி கயல்விழியைப் பார்த்தாள். பிறகு நிலையோரம் நின்ற திரௌபதியைப் பார்த்தாள். ஒரே சுவர் தடுத்த இரண்டு வீடு. நோம்புக்கஞ்சி அங்கே போகும், பொங்கல் இங்கே வரும்.

"நான் மட்டும் வாங்கிக்கிட்டா, இவளுக்கெல்லாம் வழி இருக்குதாம்மா?"

"கடன் பாக்கி இருக்குறவங்கதான் அந்த மனுவப் போட முடியும். நீங்களும் வாங்கிட்டீங்கன்னா ஊர்ல ஒருத்தரும் இல்ல. ஏமாத்தி வாங்குனாங்கன்னு தனியா கேசு போடலாம். கையெழுத்துப் போட்டவங்க சொல்றது எடுபடறது கஷ்டம்."

"வாங்கலன்னா?"

"கோவிந்தராசு மாட்டுவாரு. எப்பன்னு தெரியாது. அர்ஃபாவுக்கு இந்த வருஷம் போயிடும். அதுக்கு அடுத்த வருஷமும் போவலாம்."

"நீ என்னாம்மா சொல்றே?"

கயல்விழிக்குத் தொண்டை வரைக்கும் வந்தது வேறு. அன்பரசனின் ஏசி அறை வந்தது. அப்பாவைக் கேட்டதாகச் சொன்ன குரல் வந்தது. இந்தத் தாளை வைத்து அந்த ஆளை எப்படியெல்லாம் நிற்க வைக்கலாம் என்று மத்தியானத்திலிருந்து மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தாள். ஆனால் அந்தச் சண்டைக்கு ஃபீஸ் கட்டப்போகிறவள் அர்ஃபா.

"என்னைய வக்கீலா வெச்சது நீங்க. வாங்கிக்கோங்கன்னுதான் நான் சொல்லணும்."

"சொல்லணுமா, சொல்றியா?"

"சொல்றேன் மாமி. வாங்கிக்கோங்க."

ஜைத்தூன் பீவி பெட்டியைத் திறந்தாள். பின்பக்கம் கையெழுத்துப் போடும்போது ஒரு தடவைகூட நிமிரவில்லை. அர்ஃபாவின் ஃபோனில் பணம் வந்த சத்தம் கேட்டது. அவள் அதை எடுத்துப் பார்க்கவில்லை. பிரவீன்குமார் மஞ்சத்தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வரேம்மா," என்று முன்போலவே கும்பிட்டுவிட்டுப் போனான்.

தெருமுனை திரும்பும் வரை பைக் சத்தம் கேட்டது.

"அக்கா," ரயீஸ் காதோடு சொன்னான். "நான் காலையிலயே கடுதாசிய ஃபோட்டோ எடுத்து வெச்சிருக்கேன்."

"எந்தப் பேர்ல மனு போடுவே? கடன்பட்டவன் இருக்கான். குடுத்தவங்கதான் யாரும் இல்ல."

ரயீஸ் ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவைத் திருப்பப் போனான்.

கயல்விழி படியிறங்கிச் செருப்பை மாட்டினாள். திரௌபதி இன்னும் அங்கேயே நின்றிருந்தாள். கோபப்பட்டிருந்தால் கயல்விழிக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். அவள் கோபப்படவில்லை.

"நேத்து நான் வுட்டுக் குடுக்காம இருந்திருந்தா எனக்கும் தந்திருப்பானாம்மா?"

கயல்விழிக்குப் பொய் சொல்லத் தோன்றியது. வரவில்லை.

"ரெண்டு பேரும் ஒண்ணா வந்திருந்தீங்கன்னா ரெண்டு பேருக்கும் தந்திருப்பான். எல்லாரும் ஒண்ணா வந்திருந்தா எல்லாருக்கும் தந்திருப்பான்."

திரௌபதி முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள்.

"ஒண்ணாத்தாம்மா போனோம். கடுதாசி வந்த அன்னிக்கே அத்தன பேரும் சேந்து வண்டி வெச்சு, மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போயி, இந்த மாதிரி இந்த மாதிரின்னு சாமிக்குப் பிராது எழுதி வேல்ல கட்டிட்டு வந்தோம். ஜைத்தூனுகூட தொணைக்கு வந்து வெளிய ஒக்காந்திருந்தா. கோர்ட்டுக்குப் போலாம்னு எவருக்கும் தோணல. கோயில்ல வக்கீலு வெக்கச் சொல்ல மாட்டாங்க பாரு."